ஆறு தரம் அடித்த சைரன்

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு றிஸ்வான் பள்ளிவாசலின் கதவுகளை ஒவ்வொன்றாக உள்ளே இருந்து சாத்தினான். மொத்தம் பதினான்கு கதவு. எல்லாவற்றையும் சாத்திவிட்டு மின்விசிறிகளையும் நிறுத்தினான். அடுத்த நாள் வெள்ளி, ஜும்ஆத் தொழுகை. அதற்குள் இந்தப் பெரிய மண்டபத்தில் குத்பா பிரசங்கம் ஓதுகிறவரின் பேச்சு கடைசி வரிசைக்கும் சொல் சொல்லாக விளங்க வேண்டும். விளங்காவிட்டால் இந்த ஊரில் அவன் பேர் அத்தோடு போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

அவன் பேர் அப்படியொன்றும் உயரத்தில் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொத்துவிலில் இருந்து இங்கே பெண் கட்டி வந்தவன். மனைவி றாஹிலாவின் வீட்டு மேல்மாடி அறையில் காலையிலிருந்து மாலை வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வெளிநாட்டு ஆட்கள் தங்கள் ஹெட்போனின் பெயரை எழுதி, சத்தம் சரியில்லை என்று அனுப்புவார்கள். எந்த இடத்தில் இரைகிறது, எந்த இடத்தில் குரல் மங்குகிறது என்று இவன் பிடித்து, ஈக்குவலைசரில் ஏற்ற வேண்டியதை ஏற்றி, இறக்க வேண்டியதை இறக்கி, ஒரு சின்னக் கோப்பாகத் திருப்பி அனுப்புவான். நல்ல உழைப்பு, காசும் வரும். ஆனால் ஊருக்குச் சொன்னால் விளங்கவா போகிறது? வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள், "மாப்புள என்ன, பாட்டுக் கேட்டுக்கிட்டு இரிக்காரா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நாசமாய்ப் போன சிரிப்பு. அதைக் கேட்டுக் கேட்டு றாஹிலாவுக்கும் முகம் கறுத்துப் போயிருந்தது.

அவன் தொழிலை மதித்த முதல் மனிதர் பள்ளித் தலைவர் அபூசாலி மரைக்கார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். போன றமழானில் றிஸ்வான் அவருடைய போனையும் ஹெட்போனையும் வாங்கி, அரை மணி நேரம் விதவிதமான சத்தங்களைக் கேட்கக் கொடுத்து, அவர் காதுக்கு எது குறைகிறதோ அதை மட்டும் உயர்த்திக் கொடுத்தான். மனிதர் ஒரு மார்க்கப் பயானைப் போட்டுக் கேட்டார். கண் கலங்கிவிட்டது.

"மகன், இப்பதான் எழுத்து எழுத்தா வெளங்குது" என்றார். "இத எங்கட பள்ளிக்கும் செய்ய ஏலாதா?"

ஏலும் என்று றிஸ்வான் வாய் விட்டான். வேலை ஒன்றுதான். அங்கே ஹெட்போனின் குறையைத் திருத்துவது, இங்கே மண்டபத்தின் குறையைத் திருத்துவது. புதுப் பள்ளி, தரையெல்லாம் டைல், தலைக்கு மேலே கவிழ்த்த கிண்ணம் போலப் பெரிய குப்பா. மிம்பர் மேடையில் சொன்ன சொல் குப்பாவில் போய் முட்டித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். அதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. அது ஸ்பீக்கர் வழியாக ஒரு சத்தத்தை அடிமட்டத்தில் தடித்த குரலாகத் தொடங்கிக் கீச்சென்ற உச்சிவரை ஒரே இழுவையாக இழுத்து ஏற்றும். நடுவில் வைத்த மைக் அதைக் கேட்கும். மண்டபம் எங்கெங்கே சத்தத்தைக் கெடுக்கிறது என்று திரையில் கோடு விழும். பிறகு அந்தக் கோட்டை ஈக்குவலைசரால் நேராக்க வேண்டியதுதான்.

காலையில் வந்ததும் முதல் வேலையாக மினாராவின் உச்சியில் நாலு பக்கமும் பார்த்தபடி இருக்கும் வெளிக்குழாய்களின் லைனை மூடினான். தொழுகைக்கு ஊரைக் கூப்பிடும் பாங்கு ஒலிக்கிற குழாய் ஸ்பீக்கர்கள் அவை. அளவெடுப்பில் அவற்றுக்கு வேலையில்லை. அதன் பிறகு, பழைய கோளாறு எதுவும் கலந்துவிடக் கூடாதென்று, சவுண்ட் கருவியில் முன்பு இருந்த அமைப்பையெல்லாம் ஒரே தட்டில் அழித்தான். அழித்துவிட்டு லைன்களை இன்னொரு தரம் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அவசரம், வேறென்ன.

போனை அணைத்து வைத்தான். மைக்கில் காகம் கத்துவது, தண்ணீர் சொட்டுவது ஏதாவது விழுகிறதா என்று கவனிக்க, காதை இறுக்கி அடைக்கும் தடித்த ஹெட்போனை மாட்டினான். முதல் இடம், மிம்பருக்கு முன். இருபது செக்கன் சத்தம் கிடுகிடுத்து ஏறி முடிந்தது. மைக்கைத் தூக்கி அடுத்த இடம். பிறகு தூணருகே. பிறகு கடைசி வரிசை. இப்படி ஆறு இடம். ஆறாவது கோடும் திரையில் விழுந்தபோது அவனுக்கு வாயெல்லாம் பல். குறை எங்கே என்று பட்டப்பகல் போலத் தெரிந்தது. நாளைக்கு ஜும்ஆவில் பள்ளி நிர்வாக மரைக்கார்மார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றினான்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த வீதியில் சத்தமில்லாமல் இருக்குமா? ஓட்டோ, மீன்காரனின் ஹோர்ன், எதிர்வீட்டுத் தையல் மெஷின், ஒன்றுமே இல்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். வீதியில் ஆள் நடமாட்டமே கிடையாது. தேத்தண்ணிக் கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. ஒரு சைக்கிள் நடுரோட்டில் கிடந்தது. பள்ளி மதிலோரம் ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பு, ஒரு கால் மட்டும். வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்தது திறந்தபடி கிடந்தன.

போனை உயிர்ப்பித்தான். றாஹிலா பதினேழு தரம் அழைத்திருந்ததாகச் செய்தி வந்து விழுந்தது.

இந்தக் கரையில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கடல். சுனாமிதான். வீடு கடற்கரைப் பக்கம். றாஹிலாவும் ஐந்து வயது மகள் அம்ஹாவும் அங்கே இருக்கிறார்கள். கிழக்கே கடலை நோக்கியே ஓடத் தொடங்கினான். இரண்டாவது குறுக்குத் தெருவில் மோதினார் றஸாக் பின்னால் ஓடி வந்து அவனைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார். பள்ளியில் பாங்கு சொல்கிறவர், நாற்பது வயது, மூச்சு இரைத்தது.

"எங்க ஓடுறீங்க, கடலுக்கா? பைத்தியமா ஒங்களுக்கு?"

"றாஹிலாவும் புள்ளையும்..."

"வீட்டில ஆரும் இல்ல. எல்லாரும் வயல் பக்கம் பெய்த்தாங்க. ஒங்களத் தேடித்தான் நான் திரும்பி வந்த. உள்ளுக்க மாட்டிக்கிட்டீங்களோ எண்டு." றஸாக் அவன் கையைப் பிடித்து மேற்கே இழுத்தார். "சைரன் கேக்கலியா ஒங்களுக்கு? ஒரு தரம் இல்ல மாப்புள, ஆறு தரம்! நான் எண்ணின."

"ஆறு தரமா?"

"ஓம். அடிக்கும், நிக்கும். மறுகா அடிக்கும். உறுமிக்கிட்டு வந்து அப்பிடியே ஊஊ எண்டு மேல ஏறும். அல்லாஹ்வே, ஈரக்கொல நடுங்கிட்டு."

றிஸ்வான் நின்றுவிட்டான். கடற்கரைப் பக்கம், சுனாமி வந்தால் சைரன் அடிக்கிற கோபுரம் தெரிந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. திரும்பி மினாராவைப் பார்த்தான்.

றஸாக் கூப்பிடக் கூப்பிடப் பள்ளிக்குத் திரும்பி வந்து கருவியைப் பார்த்தான். வெளிக்குழாய் லைனில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய அமைப்பை அழித்தபோது அவன் போட்ட பூட்டும் சேர்ந்து அழிந்திருக்கிறது. ஆறு தரமும் அந்தச் சத்தம் நாலு குழாயாலும் ஊருக்கு மேலே போயிருக்கிறது. குழாய்க்கு அடிமட்டச் சத்தம் வராது. பாதியில் உறுமலாகத் தொடங்கி ஊளையாக ஏறியிருக்கும். சைரன் வேறு எப்படி இருக்கும்?

போன் அடித்தது. றாஹிலா.

"எங்க இரிக்கீங்க? எடுத்தா ஓஃப், எடுத்தா ஓஃப். நான் செத்தே பெய்த்தன்!" அழுதாள், பிறகு ஏசினாள், பிறகு திரும்பவும் அழுதாள். "நாங்க வயல் ரோட்டில நிக்கம். புள்ள குடிச்ச பாலெல்லாம் சத்தி எடுத்திட்டு, இன்னம் நடுங்குறா. எங்கட தெரு ஸுஹைறா ராத்தா மோட்டர்சைக்கிளால விழுந்து கை ஒடஞ்சி. கடைசில பாத்தா ஒண்டும் இல்லயாம். கொழும்பால ஒரு அறிவித்தலும் இல்லயாம். அந்த டவர்ல இரிக்கிறவன்தான் சும்மா அமத்தின எண்டு ஆம்புளையள் பிடிச்சிட்டாங்களாம். நல்லாக் குடுக்கட்டும்!"

"றாஹிலா..."

"என்ன?"

"ஒண்டும் இல்ல. புள்ளய வெயில்ல வெச்சிருக்காத."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டவரில் இருக்கிறவர் ஜீவராஜ், பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்காரர். கோபுரத்தடியில் ஒரு தகரக் கொட்டிலில் காவலிருக்கிற மனிதர். பின்னேரத்தில் கடற்கரைக்குப் போனால் றிஸ்வானோடு இரண்டு வார்த்தை பேசுவார். அவன் தொழிலைச் சிரிக்காமல் கேட்ட இன்னொரு ஆள் அவர்தான்.

கொஞ்ச நேரத்தில் அபூசாலி மரைக்கார் ஓட்டோவில் வந்து இறங்கினார். வயல் வரை ஓடிப் போய் வந்தவர், கட்டியிருந்த சாரத்தில் சேறு. றிஸ்வான் எழுந்து நின்றான்.

"மரைக்கார், அது டவர் இல்ல. நான். வெளிக்குழாய் தொறந்து கிடந்திரிக்கு."

கிழவருக்கு ஒரு தரம் சொன்னால் விளங்காது. இதை மட்டும் ஒரே தரத்தில் விளங்கிக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து அவன் அருகில் அமர்ந்தார்.

"ஆரிட்டயும் செல்லியிரிக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப செல்ல வேணாம்." லெப்டொப்பைத் தன் கையாலேயே மெதுவாக மூடினார். "கேளுங்க மகன். பள்ளியாலதான் ஊரு ஓடின எண்டு வந்தா, மறுகா பாங்கு சொல்லக்குள்ளயும் சனம் திடுக்கிட்டுப் பாக்கும். அது வேணாம். டவர் அரசாங்கத்துட சாமான். பழுதாப் போச்சி எண்டு எழுதிட்டுப் போவாங்க."

"ஜீவராஜ் அண்ணனப் பிடிச்சிரிக்காங்களாம்."

"ரெண்டு பேச்சுக் கேப்பார். வேற இடத்துக்கு மாத்துவாங்க. ஒங்கள எங்க மாத்துற? பொஞ்சாதி புள்ளையோட நீங்க இந்த ஊரிலதானே இரிக்கணும்? கை ஒடஞ்சவள்ட புருசன் நாளைக்கு ஒங்கட வாசல்ல வந்து நிப்பான். யோசிங்க."

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தப் பேச்சு றிஸ்வானுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஒரு பெரிய மனிதர் சொல்கிறார், தலைவர் சொல்கிறார், இவன் வாயை மூடினால் போதும். நாளைக்கு ஜும்ஆ, நாளைக்கு அவன் பேர். ஓம் என்று சொல்ல வாயெடுத்தான். அப்போது கடற்கரைப் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்தது. ஆம்பிளைகள் கூட்டமாகப் போடும் கூச்சல். அதற்குள்ளே ஒரு ஒற்றைக் குரல் கீச்சிட்டது. காது அவன் தொழில். அந்தக் குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரிந்தது.

மரைக்கார் கூப்பிட்டதையும் கேட்காமல் ஓடினான்.

கோபுரத்தடியில் ஐம்பது அறுபது பேர். ஜீவராஜின் சட்டை கழுத்திலிருந்து வயிறு வரை கிழிந்திருந்தது, உதட்டில் இரத்தம். கையில் ஒரு சாவிக் கொத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சைரன் பொட்டி பூட்டிக் கிடக்கு. அரசாங்கம் ஒட்டின சீலப் பாருங்க, ஒடையல்ல. நான் தொடவே இல்லங்க. எனக்கும் புள்ளையள் இருக்கு, நானும் பயந்துதான் ஓடினன்."

"சீல ஒடச்சிப்போட்டு நீதானே ஒட்டியிருப்பாய்!"

"எங்கட ஊர ஓடவிட்டுப் பாக்குறதுக்கு இவனுக்கு ஆரு செல்லிக் குடுத்த? பாண்டிருப்பிலயும் இப்பிடி அடிப்பானா?"

அந்தக் கேள்வி விழுந்ததும் கூட்டத்தின் சத்தமே மாறிவிட்டது. இந்தக் கரையில் அந்த மாதிரிக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். றிஸ்வான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"விடுங்க அவர! நான்தான். பள்ளியில ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ணின. வெளிக்குழாயால போயிட்டு."

ஒரு கணம் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் சிரித்தான்.

"பள்ளியாலயா? பள்ளியால பாங்குதான்டா வரும், சைரனா வரும்?"

"இவரு அவன்ட கூட்டாளி. பின்னேரத்தில ரெண்டு பேரும் இதிலதான் குந்தியிருந்து கதைக்கிற. காப்பாத்தப் பாக்காரு."

"ஹெட்போன் மாப்புள, நீங்க போய்ப் பாட்டக் கேளுங்க!"

உண்மையைச் சொன்னாலும் நம்பாத அளவுக்குத்தான் அவன் பேர் இருந்தது. ஆத்திரத்தில் அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"நம்பாட்டி வாங்க! அதே சத்தத்தத் திருப்பிப் போடுறன். காதால கேட்டுட்டு மறுகா என்னை அடிங்க. அவரயும் கூட்டி வாங்க, அதுக்குள்ள அவர்ல கை வெச்சா நான் சும்மா இரிக்க மாட்டன்!"

இந்தக் குரல் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. கூட்டம் ஜீவராஜை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் வந்தது. பள்ளி வாசலில் அபூசாலி மரைக்கார் சாவியோடு நின்றார். கதவு பூட்டியிருந்தது. றிஸ்வான் அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினான். கிழவர் ஜீவராஜின் உதட்டைப் பார்த்தார். கிழிந்த சட்டையைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியைக் கையில் போட்டார்.

உள்ளே போய் அவன் மைக்கை எடுத்தான். சும்மா போட முடியாது. இன்னொரு தரம் ஊர் ஓடினால் யாராவது செத்தே போவார்கள். முதலில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் குழாயால் எப்படிப் பேசுவது? பாங்கைத் தவிர அதில் வருவது, ஊரில் யாராவது இறந்தால் சொல்கிற மௌத்து அறிவித்தல் ஒன்றுதான். வேறு விதமாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. வாயில் அதுதான் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். பொத்துவிலைப் பிறப்பிடமாகவும், கடற்கரை வீதியை வசிப்பிடமாகவும் கொண்ட, மர்ஹூம் இப்றாலெப்பை அவர்களின் மகனும், றாஹிலா அவர்களின் கணவருமாகிய றிஸ்வான்..."

வெளியே யாரோ பழக்கதோஷத்தில் "இன்னா லில்லாஹி" என்று தொடங்கியது கேட்டது. தெருவின் மறுகோடியில் ஒரு பெண் வீரிட்டாள். அது றாஹிலாவாகத்தான் இருக்கும். அவன் பதறிப்போய் மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தான்.

"மௌத்தாகல்ல! நான்தான் கதைக்கன். காலையில ஒங்களையெல்லாம் ஓட வெச்சது நான். டவர் இல்ல, ஜீவராஜ் அண்ணன் இல்ல. பள்ளி ஸ்பீக்கர அளக்கக்குள்ள வெளிக்குழாய மூட நான் தவறிட்டன். ஒங்கட புள்ளையள் அழுதது என்னால. கை ஒடஞ்சது என்னால. இப்ப அந்தச் சத்தம் திரும்பவும் வரும். கடல்ல ஒண்டும் இல்ல. ஆரும் ஓட வேணாம். அல்லாஹ்வுக்காக ஆரும் ஓட வேணாம்."

இரண்டு முறை சொன்னான். மூன்றாம் முறையும் சொன்னான். பிறகு லெப்டொப்பைத் திறந்து விசையைத் தட்டிவிட்டுப் படியிறங்கி முற்றத்துக்கு வந்தான்.

முதல் ஐந்தாறு செக்கன் குழாயில் ஒன்றும் கேட்கவில்லை. அடிமட்டச் சத்தம் அதற்கு வராது. தெருவெல்லாம் சனம். வயலில் இருந்து திரும்பியவர்கள் வீட்டுக்குள் போகாமல் அப்படியே நின்றார்கள். றாஹிலா கேற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்; தலைத்துணி தோளில் கிடந்தது. அவனைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவள் அம்ஹாவின் இரண்டு காதையும் கையால் பொத்தினாள்.

மினாராவில் உறுமல் தொடங்கியது.

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. ஜீவராஜைப் பிடித்திருந்த இரண்டு பேரும் கையை விட்டுவிட்டு மேலே அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கிழவி மதிலைக் கட்டிப் பிடித்தாள். சத்தம் ஏறியது. இதே சத்தத்தை றிஸ்வான் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறான், ஹெட்போனுக்குள், தேத்தண்ணி குடித்துக்கொண்டு. இப்படி, வானத்திலிருந்து, கடற்காற்றோடு சேர்த்து ஒரு நாளும் கேட்டதில்லை. அது ஊளையாக மாறி ஊருக்கு மேலே எழும்பிக்கொண்டே போனது.

இருபது வருடத்துக்கு முன் கடல் பொங்கி வந்தபோது பொத்துவிலில் எந்தச் சத்தமும் வரவில்லை. அன்று அவனுக்குப் பத்து வயது. வாப்பா கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். ஒரு சைரன், ஒரு குழாய், யாராவது ஒருவர் கத்தியிருந்தால் போதும், வாப்பா திரும்பிப் பார்த்திருப்பார். இந்தச் சத்தம் அன்றைக்கல்லவா வந்திருக்க வேண்டும் என்று நெஞ்சு வெடிக்க நினைத்தான்.

ஊர் அசையவில்லை. பெண்கள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதார்கள், ஆனால் அசையவில்லை. அபூசாலி மரைக்கார் கண்ணை மூடி நின்றார். ஓட வேண்டாம் என்று அவன் சொன்னான், அவன் சொல்லை நம்பி முழு வீதியும் நின்றது.

கிழிந்த சட்டையோடு ஜீவராஜ் பாய்ந்து வந்து தன் தோளைப் பிடித்து நிறுத்திய பிறகுதான், தான் ஓடிக்கொண்டிருப்பது றிஸ்வானுக்குத் தெரிந்தது. பள்ளி முற்றத்தையும் கேற்றையும் தாண்டி, வயல் பக்கம் பார்த்து, செருப்பில்லாமல் ஓடியிருக்கிறான்.

"தம்பி, நில்லுங்க" என்றார் ஜீவராஜ். "ஒண்ணும் இல்ல தம்பி, கடல் அங்கதான் கிடக்கு. அது உங்கட சத்தம்."